பின்புறம் திறந்த ஹெட்ஃபோன்: உங்கள் வீட்டுக்குச் சரிவருமா?

பாட்டு கேட்பதற்கென்றே நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கலாம் என்று இணையத்தில் தேடத் தொடங்கினால், ஐந்து நிமிடத்தில் 'ஓப்பன்-பேக்' என்ற சொல் கண்ணில் படும். பெரும்பாலும் வயருடன்தான் வரும். மைக் இருக்காது. புளூடூத்தும் இருக்காது.

சத்தத்தைத் தடுக்கும் ஹெட்ஃபோன்கள் மலிந்துவிட்ட காலத்தில், சத்தத்தை உள்ளேயும் வெளியேயும் தாராளமாக விடும் ஒன்றை யாராவது காசு கொடுத்து வாங்குவாங்களா?

வாங்குறாங்க. வீட்டில் உட்கார்ந்து நிதானமாக இசை கேட்க நினைப்பவர்களுக்கு, கொடுக்கும் பணத்துக்கு இதைவிட நல்ல ஒலி கிடைப்பது கடினம். ஆனால் பொருந்தாத வீட்டுக்குள் நுழைந்தால், இரண்டே வாரத்தில் கரோசெல் தளத்தில் விற்பனைக்கு வரும் பொருளும் இதுதான். எனவே வாங்குமுன் ஹெட்ஃபோனை மட்டுமல்ல, உங்கள் வீட்டையும் கொஞ்சம் பரிசோதிக்க வேண்டும்.

அப்படின்னா என்ன?

ஹெட்ஃபோனுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அதிர்கிறது. முன்பக்க ஒலி காதுக்கு வருகிறது. பின்பக்க ஒலி எங்கே போகும்? சாதாரண ஹெட்ஃபோனில் பின்னால் ஒரு மூடிய கிண்ணம் இருக்கும். ஒலி அதில் மோதித் திரும்பி, காதுக்கு வரும் ஒலியுடன் கொஞ்சம் கலந்துவிடும். ஓப்பன்-பேக்கில் கிண்ணத்துக்குப் பதிலாகக் கம்பி வலையோ துளையிட்ட மூடியோ இருக்கும். பின்பக்க ஒலி வெளியே போய்விடும், திரும்பி வராது.

அதனால் கிடைக்கும் முக்கிய வேறுபாடு, பாட்டு தலைக்குள் அடைபட்டதுபோல் தோன்றாது. சாளரத்தைத் திறந்து வைத்த அறையில் யாரோ பாடுவதுபோல் இருக்கும். காதும் அவ்வளவாக வேர்க்காது.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968இல் வெளியிட்ட ஹெச்டி 414தான் இந்த வகையில் முதலில் கடைக்கு வந்தது. மஞ்சள் நிறப் பஞ்சு வைத்த, எடை குறைந்த கருவி அது. அதுவரை ஹெட்ஃபோன் என்றால் கனமான, காதை இறுக்கி மூடும் ஒன்றாகத்தான் இருந்தது. அதே நிறுவனம் 1997இல் கொண்டுவந்த ஹெச்டி 600 இன்னமும் விற்பனையில் இருக்கிறது. கைத்தொலைபேசி இரண்டு வருடத்தில் பழசாகிவிடும் காலத்தில் இது யோசிக்க வேண்டிய விஷயம்.

முதல் கேள்வி: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

ஒலியைப் பற்றிப் பேசுமுன் இதைப் பேசிவிடுவோம். நம்மில் பலர் இருப்பது வீவக வீட்டில். அறையைத் தம்பியுடனோ துணையுடனோ பகிர்ந்துகொள்வோம்.

ஓப்பன்-பேக்கில் நீங்கள் கேட்கும் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். மெல்லிய கீச்சுக்குரலில், ஆனால் பாட்டு எது என்று கண்டுபிடிக்கும் அளவுக்குத் தெளிவாகவே கேட்கும். வரவேற்பறையில் தொலைக்காட்சி ஓடும்போது யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இரவு 11 மணிக்கு அதே கட்டிலில் ஒருவர் தூங்க முயன்றுகொண்டிருந்தால், சண்டை உறுதி. அடுத்த வீட்டுக்குக் கேட்குமா என்ற பயம் வேண்டாம். சுவர் தாண்டும் அளவுக்கு அது பெரிய சத்தம் இல்லை.

மறுபக்கமும் உண்டு. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா? தனியாக எழுந்து நடக்க முடியாத பெற்றோர் இருக்கிறார்களா? அடுப்பில் குக்கர் இருக்கிறதா? அப்படியானால் காதை முழுதாக அடைக்கும் ஹெட்ஃபோன் உங்களுக்குத் தொல்லை. ஓப்பன்-பேக் போட்டிருந்தால் அழுகுரல் கேட்கும், அழைப்பு மணி கேட்கும், "டேய், சாப்பிட வா" என்பதும் கேட்கும். பராமரிப்பாளர்களுக்கு இது குறை இல்லை. வாங்குவதற்கான காரணமே இதுதான்.

ஆனால் சாளரம் திறந்திருக்கும் வீட்டில் விரைவுச்சாலை இரைச்சலோ, பக்கத்துக் கட்டுமானத் தளத்தின் சத்தமோ நாள் முழுதும் வந்தால் கதை வேறு. ஓப்பன்-பேக் அதில் எதையும் தடுக்காது. மேசைக் காற்றாடியின் சத்தம்கூட உள்ளே வரும். பாட்டின் மெல்லிய பகுதிகள் அதில் மூழ்கிவிடும்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இணையக் கூட்டத்துக்கு இதைப் போட்டால், உங்கள் குரல் உங்களுக்கே இயல்பாகக் கேட்கும். காது அடைத்த மாதிரி கத்திப் பேச மாட்டீர்கள். மைக்கை வாய்க்கு மிக அருகில் வைத்து, ஒலியைக் கூட்டினால் மட்டும் எதிர்முனையின் குரல் மைக்குக்குள் கசியும். செய்திப் பிரிவில் குரல் பதிவு செய்யும்போது நாங்கள் மூடிய வகையையே போடுவதற்கு இதுதான் காரணம்.

வெளியே போட்டுக்கொண்டு போகலாமா?

வேண்டாம். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை, காதுக்காகவும்தான்.

சுரங்கத்தில் ஓடும் எம்ஆர்டி ரயிலின் இரைச்சல் ஓப்பன்-பேக் வழியாக அப்படியே உள்ளே வரும். அதைத் தாண்டிப் பாட்டு கேட்க நீங்கள் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். பெரியவர்கள் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சிறுவர்களுக்கு 75 டெசிபல். ஒலி ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலில் வாரம் முழுதுக்கும் சுமார் 4 மணி நேரம்தான். 100 டெசிபலில் வெறும் 20 நிமிடம்!

இன்னொன்றையும் கவனியுங்க. சில கைத்தொலைபேசிகள் ஹெட்ஃபோன் ஒலி அளவை எண்ணாகக் காட்டும். வயருள்ள வேறு நிறுவன ஹெட்ஃபோனைச் செருகினால், அந்த எண் வெறும் ஊகம்தான். எந்த ஹெட்ஃபோன் செருகப்பட்டிருக்கிறது, அது எவ்வளவு சத்தம் போடும் என்பது தொலைபேசிக்குத் தெரியாது.

வீட்டில் நான் சொல்லும் சோதனை எளிது. ஓப்பன்-பேக் போட்டுப் பாட்டு ஓடும்போது, கை நீட்டும் தூரத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது உங்கள் காதில் விழ வேண்டும். சொல் ஒவ்வொன்றும் புரிய வேண்டாம், பேசுகிறார் என்று தெரிந்தால் போதும். தெரியவில்லையா? ஒலியைக் குறைங்க. மூடிய ஹெட்ஃபோனில் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது.

'ஓம்' கணக்கு: பெருக்கி வாங்கணுமா?

கடைக்காரரும் நண்பரும் உங்களைக் குழப்பும் இடம் இதுதான். "இது 300 ஓம், ஃபோனில் ஓடாது, தனியாகப் பெருக்கி வாங்கணும்" என்பார்கள். அது பாதி உண்மை.

மின்தடையை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. உணர்திறனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதாவது இவ்வளவு மின்சாரம் கொடுத்தால் இவ்வளவு சத்தம் என்ற கணக்கு. சிக்கல் என்னவென்றால், ஒரு நிறுவனம் அதை ஒரு வோல்ட்டுக்கு இவ்வளவு டெசிபல் என்று எழுதும். இன்னொன்று ஒரு மில்லிவாட்டுக்கு இவ்வளவு என்று எழுதும். இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டால் தப்பான முடிவுதான் வரும். 32 ஓம் ஹெட்ஃபோனில் மில்லிவாட் கணக்குடன் சுமார் 15 டெசிபலைக் கூட்டினால் வோல்ட் கணக்கு கிடைக்கும். 250 ஓம் என்றால் 6 டெசிபல் கூட்டினால் போதும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஹெச்டி 600இன் மின்தடை 300 ஓம், உணர்திறன் ஒரு வோல்ட்டுக்கு 97 டெசிபல். கைத்தொலைபேசியின் யூஎஸ்பி-சி துளையில் செருகும் சிறிய மாற்றிகள் பல, உச்சத்தில் சுமார் ஒரு வோல்ட் தரக்கூடியவை. ஆக, உச்ச ஒலி 97 டெசிபல். பாட்டின் சராசரி ஒலி அதன் உச்சத்தைவிடப் பத்துப் பதினைந்து டெசிபல் குறைவாக இருக்கும். கணக்குப் போட்டால் சராசரி 80 டெசிபலைத் தாண்டி நிற்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் போட்ட கோட்டையே தொட்டுவிட்டோம்! அமைதியான அறைக்கு இது போதும்.

யாருக்குப் போதாது? பழைய கச்சேரிப் பதிவுகளை விரும்பிக் கேட்பவர்களுக்கு. அவற்றில் பலவற்றின் ஒலி மட்டம் இன்றைய திரைப்பாடல்களைவிட மிகக் குறைவு. மாற்றியை முழு அளவில் வைத்தும் மெதுவாகவே கேட்கும். அவர்களுக்குப் பெருக்கி உதவும்.

ஓம் குறைந்தால் சுலபம் என்றும் நினைக்க வேண்டாம். ஹைஃபைமேன் நிறுவனத்தின் பழைய ஹெச்இ-6 வெறும் 50 ஓம்தான். ஆனால் உணர்திறன் மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். அதே சத்தத்துக்கு ஹெச்டி 600ஐவிட ஏறக்குறைய ஆறு மடங்கு மின்னோட்டம் கேட்கும். பெருக்கியின் விலையைச் சேர்க்காமல் அந்த மாதிரி ஹெட்ஃபோனுக்குப் பட்ஜெட் போடக்கூடாது.

என் கருத்து: முதலில் ஹெட்ஃபோனை வாங்கி, இருக்கும் தொலைபேசி அல்லது மடிக்கணினியில் ஒரு வாரம் கேளுங்க. சத்தம் போதவில்லை என்றால் மட்டும் பெருக்கி. மின்சாரத்தில் செருகும் பெருக்கியை இணையத்தில் வாங்கினால், அதன் மின்மாற்றியில் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டியில் '5 ஹெர்ட்ஸ் முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை' என்று போட்டிருப்பதை அப்படியே தள்ளிவிடலாம். மனிதக் காது கேட்பது ஏறக்குறைய 20 முதல் 20,000 வரை. வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று சொல்லாத எண்ணால் வாங்குபவருக்குப் பயனில்லை.

கேட்டு எப்படித் தீர்மானிப்பது?

கோல்மன் ஸ்திரீட்டில் இருக்கும் அடெல்ஃபி கட்டடத்தில் ஒலிக்கருவிக் கடைகள் நெடுங்காலமாக இருக்கின்றன. ஹெட்ஃபோன்களைப் போட்டுக் கேட்கவிடும் கடைகள் தீவில் வேறு சிலவும் உண்டு. வாரநாள் பிற்பகலில் போங்க. வார இறுதிக் கூட்டத்தில் ஓப்பன்-பேக்கைச் சோதிப்பது பயனற்றது, கடையின் இரைச்சல் முழுதும் உள்ளே வந்துவிடும்.

போகும்போது உங்களுக்கு மனப்பாடமான மூன்று, நான்கு பாடல்களைத் தொலைபேசியில் பதிவிறக்கிக்கொண்டு போங்க. கடைக்காரர் போடும் பாட்டு எந்த ஹெட்ஃபோனிலும் நன்றாகத்தான் இருக்கும், அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருப்பார்.

முதலில் பாட்டே வேண்டாம், பேச்சைக் கேளுங்கள். செய்தி வாசிப்போ, வலையொலியோ. மனிதக் குரல் எப்படி இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும், ஏமாற்ற முடியாது. குரல் மூக்கடைத்த மாதிரியோ, குழாய்க்குள்ளிருந்து வருவது மாதிரியோ இருந்தால் அந்த ஹெட்ஃபோனை வைத்துவிடலாம். 'ச', 'ஸ' எழுத்துகள் ஊசிபோல் குத்துகின்றனவா என்றும் பாருங்கள். பேயர்டைனமிக்கின் டிடி 990 புரோ இந்த விஷயத்தில் பேர்போனது. மேல் ஒலிகள் அதில் தூக்கலாக இருக்கும். விளையாட்டுகளில் காலடிச் சத்தத்தைக் கேட்க விரும்புபவர்களுக்குப் பிடிக்கும். பெண் குரல்களை இரண்டு மணி நேரம் தொடர்ந்து கேட்பவர்கள் களைத்துப்போகலாம்.

அடுத்து, கீழ் ஒலி. இங்குதான் ஓப்பன்-பேக்கின் பலவீனம் இருக்கிறது. பின்புறம் திறந்திருப்பதால் மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கான அழுத்தம் நிற்காது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் தவிலும் பெரும்பாலும் அழகாகவே வரும், அவற்றின் ஒலி அவ்வளவு தாழ்வு இல்லை. குத்துப் பாட்டில் நெஞ்சை அதிரவைக்கும் மின்னணு அடி இருக்கிறதே, அது மெலிந்துபோகும். 'பிளேனர்' வகைச் சவ்வு உள்ளவை இதில் தேவலாம், ஆனால் எடை கூடும். அதிர்வுதான் உங்களுக்கு முக்கியம் என்றால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மூடிய வகையை வாங்குங்கள். சந்தோஷமாக இருப்பீர்கள்.

'விசாலமான ஒலி' என்பது எல்லா ஓப்பன்-பேக்கிலும் ஒரே மாதிரி கிடைக்காது. ஹெச்டி 600 நெருக்கமாகவே ஒலிக்கும், பாடகர் முன்வரிசையில் இருப்பார். ஏகேஜி கே701 மேடையை இழுத்து அகலமாக்கும். எது சரி என்று கேட்டால், கச்சேரியில் நீங்கள் எந்த வரிசையில் உட்கார விரும்புவீர்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

இரண்டு ஹெட்ஃபோன்களை ஒப்பிடும்போது ஒரு பொறி இருக்கிறது. கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதுதான் 'தெளிவாக' இருப்பதுபோல் காதுக்குத் தோன்றும். ஒவ்வொன்றையும் மாற்றும்போது ஒலி அளவைச் சரிசெய்து, இரண்டும் ஒரே சத்தத்தில் வந்தபிறகே முடிவெடுங்க.

"100 மணி நேரம் ஓடவிட்டால் ஒலி மாறும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். நாள்பட நாள்படக் காதுப் பஞ்சு அமுங்கும், உங்கள் காதும் பழகும். பிடிக்காத ஹெட்ஃபோனை ஓடவிட்டுக் காத்திருந்தால், திருப்பிக் கொடுக்கும் தவணைதான் முடியும்.

தலையில் எப்படி உட்காருகிறது?

கடையில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்ப்பது போதாது. இருபது நிமிடமாவது போட்டிருங்க. மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும். ஹெச்டி 600 சுமார் 260 கிராம், கழுத்துக்குத் தெரியாது. ஆனால் புதிதாக இருக்கும்போது பக்கவாட்டில் இறுக்கும். சில பிளேனர் ஹெட்ஃபோன்கள் 500 கிராமைத் தாண்டும். படம் ஒன்று முடிவதற்குள் உச்சந்தலை கெஞ்சும்.

நம் ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு. காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுதும் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். செயற்கைத் தோல் பஞ்சு இந்த ஈரத்தில் உரியத் தொடங்கும். கறுப்புத் துகள் காதில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெல்வெட் துணிப் பஞ்சு நீடிக்கும், குளிர்ச்சியாகவும் இருக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சும். எதுவாக இருந்தாலும் மாற்றுப் பஞ்சு இங்கே கிடைக்கிறதா, நீங்களே மாற்ற முடியுமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வயருக்கும் இதே கேள்விதான். வயருள்ள ஹெட்ஃபோனில் பெரும்பாலும் முதலில் பழுதாவது வயர்தான், அதுவும் செருகியின் கழுத்தில். ஹெச்டி 600இல் வயரைக் கழற்றி மாட்டலாம். டிடி 990 புரோவின் வழக்கமான வகையில் சுருள் வயர் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும். அறுந்தால் பற்றவைக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டும். நூறு வெள்ளிக்கு விற்கும் 'சிறப்பு' வயரால் ஒலி மேம்படும் என்பதை நம்பாதீர்கள்.

எவ்வளவு செலவழிக்கலாம்?

2017இல் ஜெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அதிர்வெண் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்பதே முடிவு. விலை கூடினால் ஒலி கூடும் என்ற நம் எண்ணத்துக்கு அதில் ஆதாரம் இல்லை. கட்டுமானம், சொகுசு, உதிரிபாகம் ஆகியவற்றுக்குத்தான் கூடுதல் பணம் போகிறது. சில வேளைகளில் பெயருக்கும்.

ஆகவே முதல் ஓப்பன்-பேக்குக்கு ஆயிரம் வெள்ளி தேவையில்லை. 1984இலிருந்து விற்பனையில் இருக்கும் கோஸ் போர்ட்டா புரோ 100 வெள்ளிக்குள் கிடைக்கும். அளவில் சிறியது, மடக்கலாம், காதின்மேல் உட்காரும். ஓப்பன்-பேக் உங்கள் வீட்டுக்குச் சரிவருமா என்று தெரிந்துகொள்ள அது போதும். பிடித்திருந்தால் பெரியதற்குப் போகலாம்.

வெளிநாட்டுத் தளத்தில் விலை குறைவாகத் தெரிந்தால், பொருள் சேவை வரியைச் சேர்த்துப் பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து, வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் வரி உண்டு. இப்போது அது 9 விழுக்காடு. பழுதானால் திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

இங்குள்ள கடையில் வாங்கினால் 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன்' சட்டம் துணை நிற்கும். ஆறு மாதத்துக்குள் குறைபாடு தெரிந்தால், விற்கும்போதே அது இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரரின் பொறுப்பு. பழுதுபார்த்துத் தரவோ, மாற்றித் தரவோ கேட்கலாம். ஒரு பக்கம் மட்டும் ஒலி குறைவது குறைபாடு. "எனக்கு ஒலி பிடிக்கவில்லை" என்பது குறைபாடு இல்லை. அதற்குக் கடையின் சொந்தக் கொள்கைதான், ரசீது வாங்குமுன்னே கேட்டுக்கொள்ளுங்கள்.

கரோசெல் போன்ற தளத்தில் தனிநபரிடம் வாங்கும்போது இந்தச் சட்டம் பொருந்தாது. பழையது வாங்குவதில் தப்பில்லை, இந்த வகை ஹெட்ஃபோன்கள் நன்றாக உழைக்கும். நேரில் போய், சொந்தத் தொலைபேசியில் செருகி, ஒற்றைக் குரல் மட்டும் உள்ள பதிவைப் போடுங்கள். குரல் சரியாக நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஏதோ ஒரு சவ்வு களைத்துவிட்டது. பிறகு வயரைச் செருகியின் அருகில் மெதுவாக வளைத்துப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்டாலோ, புதிய வயரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம்.